எந்திரத்தின் நெற்றி

ஜூலை 5, வெள்ளி

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, ராகுகாலத்துக்கு வெகு முன்பாகவே, பெருந்துறைத் தொழிற்பேட்டை கண்டிராத மகத்தான காரியம் ஒன்று திட்டத் தலைவனான என் திருக்கரத்தால் நடந்தேறியது. துருக்கியிலிருந்து கப்பலேறி வந்த பிஸ்கட் எந்திரத்துக்குப் பூஜை போட்டேன்.

எந்திரம் ஒரு ரயில் பெட்டி நீளம். சுட்ட பிஸ்கட்டுகள் பட்டையில் வரிசையாக ஓடிவரும். கடைக்கோடியில் ஒரு தலை இருக்கிறது. அது குனிந்து பார்த்து நல்லதைப் பெட்டிக்கு அனுப்பும், உடைந்ததைக் கழிவுத் தட்டில் தள்ளும். அந்தத் தலைக்கு அழகான நெற்றி. நெற்றி நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டக் கண்ணாடி. செய்தவனே பொட்டுக்கென்று இடம் விட்டு அனுப்பியது போல. மனைவி மரகதம் வீட்டிலிருந்து கிண்ணத்தில் உரைத்துக் கொடுத்த சந்தனத்தை அதில் குளிரக் குளிர அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சாட்சாத் அம்மன்.

அதற்குள் ஒரு பாதகம். ஜார்க்கண்டு எலக்ட்ரீஷியன் பிரமோத் மஹ்தோ, ஆறு வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவன், துணியை எடுத்து வந்து பொட்டைத் துடைத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் ஈரோடு ரயில் நிலையத்தில் இரண்டு வண்டிகள் நின்றிருக்க வேண்டும். தலைமை அலுவலகம் என்னைக் கோயமுத்தூர் ஓட்டலில் இரண்டு நாள் உட்காரவைத்துப் பல தேசத்தாரைக் கட்டி மேய்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தது சும்மாவா? அங்கேயே நான் இயற்றிய விதி எண் ஒன்று, தமிழ், இங்கிலீஷ், இந்தி, துருக்கி, ஜப்பான் ஆகிய ஐந்து மொழிகளில் சுவரில் தொங்குகிறது. ‘அவரவர் சாமி, சாப்பாடு, வழக்கம் எதிலும் அடுத்தவர் கையோ வாயோ வைக்கலாகாது. மீறினால் எச்சரிக்கைக் கடிதம்.’ முதல் கடிதம் பிரமோதுக்கு. புதுச் சந்தனம், புதுக் குங்குமம்.

ஆவணங்களைப் பார்க்கிற கோமதி மட்டும் வாயைத் திறந்தாள். “ஏனுங் சார், அவரு தொடச்சது கண்ணாடிங்க. அது வந்து…”

“கோமதி. விதி எண் ஒன்று.”

அடங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பரீட்சை. ஜப்பான் கம்பெனி ஒன்று நம் பிஸ்கட்டை வாங்க வேண்டுமானால், எந்திரம் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடி, நல்ல பிஸ்கட் ஒன்றைக்கூடக் கழிவில் தள்ளாமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஹயாஷி என்ற அம்மாள் வந்து குந்தியிருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

எந்திரத்தை ஓட்டினோம். நல்ல பிஸ்கட் அத்தனையையும் கழிவில் தள்ளியது.

ஜூலை 9, செவ்வாய்

இந்த நோட்டு எதற்கென்றால், மனிதன் எங்கேயாவது கக்கித்தானே ஆக வேண்டும். வாயைத் திறக்க முடியாதபடி நானே சட்டம் போட்டுத் தொலைத்துவிட்டேன்.

எந்திரத்தோடு வந்த துருக்கிக்காரர் செலிம். ஐம்பது வயது, பனைமட்டை மீசை. பாலில்லாத சிவப்புத் தேநீரைத் துக்கினியூண்டு கண்ணாடிக் குவளையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை குடிக்கிறார். அண்டா கழுவிய தண்ணீருக்குக்கூட இதைவிட முகக்களை உண்டு. ஹயாஷி அம்மாள் கறுப்புக் காகிதம் போல ஏதோ பாசி சுற்றிய சில்லிட்ட சோற்று உருண்டையை மதியம் பன்னிரண்டுக்குத் தின்கிறார்கள். பன்னிரண்டு ஒன்றுக்கு அல்ல. குளத்தங்கரை வாடை. பிரமோத் கடலை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து, பச்சை வெங்காயம் கடித்து, கடுகெண்ணெய் கமழ என் மூக்குக்கு நேரே வந்து “வணக்கமுங்க சார்” என்கிறான். என் மூக்கு இந்த ஒரு வாரத்தில் பத்து வருடம் கிழடு தட்டிவிட்டது.

(நான் கொண்டுபோகிற கருவாட்டுக் குழம்பைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அது அமிர்தம்.)

கூட்டம் போட்டால் ஹயாஷி அம்மாள் பேசுவதே இல்லை. நோட்டில் என்னமோ படம் வரைகிறார்கள். செலிம் பச்சைப் பதிவேட்டில் தினமும் மாலை ஒரு வரி எழுதி என் கையெழுத்துக்கு நீட்டுகிறார். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. யார் படிப்பது. போடுகிறேன் கையெழுத்து.

எந்திரம் சற்றே தேவலை. பாதிதான் தள்ளுகிறது.

ஜூலை 11, வியாழன்

ஓடியது! நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் கழிவில். என் தலைமையின் வெப்பம் இரும்பையே திருத்திவிட்டது. ஒரே குறை, அடுப்புச் சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்துப் பொரிபொரியாக உதிர்ந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. நாளை வெள்ளிதான்.

வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. மரகதம் என்னைத்தான் காரணம் என்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் புதுச் சந்தனம். மதியம் செலிம் வண்டி ஏறிப் பள்ளிவாசலுக்குப் போனார். போகட்டும், பரந்த மனசு எனக்கு; டிரைவரை நானே ஏற்பாடு செய்தேன். திரும்பி வந்து எந்திரத்தை ஓட்டினால், பழைய குருடி. மலை போலக் குவிந்தது கழிவு.

கழிவு என்றால் கழிவா அது? பொன்னிறத்தில், ஓரம் முறியாத, முத்து முத்தான பிஸ்கட்டுகள். குப்பைக்குப் போட மனசு வராமல் ஆளாளுக்குத் தின்கிறோம். வெண்ணெய் நெடி என் சட்டையில், கைக்குட்டையில், கனவில்.

ஜூலை 16, செவ்வாய்

செலிம் நான்கு நாளாக எந்திரத்தைப் பிரித்துக் கோக்கிறார். பட்டையை மாற்றினார், மோட்டாரை மாற்றினார். நெற்றிப் பக்கம் மட்டும் போகவே இல்லை. அங்கே வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார். என்ன வேலைக்காரர் இவர்?

மாலையில் கோமதி மூலமாக அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. நம் ஊரில் ஒருமுறை பொட்டு வைத்த இடத்திலிருந்து அதை வேறு இடத்துக்கு மாற்றுவது உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசையாம். அறிவுப் பசி பாருங்கள். நம் பண்பாட்டை விளக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? நாற்பது நிமிடம் பேசினேன். வைத்த பொட்டை எடுப்பது எவ்வளவு பெரிய அமங்கலம் என்று நான் சொல்லி முடித்தபோது கோமதிக்குக் கண் கலங்கியிருந்தது. கொட்டாவி என்று பிரமோத் சொன்னானாம்.

வீட்டு வாசலில் காமிரா மாட்டியாயிற்று. யார் மணியடித்தாலும் உள்ளே டிவியில் மூஞ்சி தெரியும். மரகதம் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்து மகிழ்கிறாள்.

ஜூலை 18, வியாழன்

இன்று எந்திரம் தங்கம். அதுதான் இடிக்கிறது.

ஹயாஷி அம்மாள் ஒரு தாளை என் மேசையில் இரண்டு கையாலும் வைத்து, தலை குனிந்துவிட்டுப் போனார்கள். அளவுகோல் வைத்துப் போட்ட கோட்டுப் படம். வெள்ளி வந்தால் கோடு பாதாளத்தில். செவ்வாய், புதன் ஏறுகிறது. வியாழன் உச்சி. மறுபடி வெள்ளி, பாதாளம். வெள்ளிக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குட்டி வட்டம் வேறு. அழகுக்குப் போட்டிருப்பார்கள்.

நான் என்ன சின்னப் பிள்ளையா? வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? யார் வெளியே போகிறார்?

பாவி மனுஷர்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

ஆடி வெள்ளி என்பதால் மரகதம் இரட்டிப்புச் சந்தனம் கொடுத்தாள். அப்பம் கனத்துக்கு அப்பினேன்.

செலிம் பள்ளிவாசலுக்குப் போன நேரம் முழுக்க நானே நாற்காலி போட்டு எந்திரத்தின் எதிரே காவல் இருந்தேன். ஒரு ஈ, காக்கை நெருங்கவில்லை. ஆனாலும் பாருங்கள், அவர் வருவதற்கு முன்பே அத்தனையும் கழிவு. போவதற்கு முன்பே ஏதோ செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு கைகாரர்.

ஜூலை 22, திங்கள்

தலைமை அலுவலகத்தில் கேட்கிறார்கள், யாரால் தாமதம் என்று. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கோமதி நின்றுகொண்டே இருந்தாள்.

செலிமுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். இதற்கு முன் இரண்டு நாட்டில் எந்திரம் மக்கர் செய்து பழி இவர் தலையில் விழுந்ததாம். மூன்றாவது முறையும் அப்படி ஆனால், வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஓய்வு பெறும்வரை உதிரிபாகக் கிடங்கில் ஆணி எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இருபத்தாறு வருடம் எந்திரம் பூட்டிய மனிதர். இதை அவர் சொல்லவில்லை, அவருடைய கம்பெனியோடு கடிதம் பேசுகிற கோமதி சொன்னாள்.

“அவரு பேர எழுதறதுக்கு முன்னால பச்சைப் பதிவேட்ட ஒருக்கா படிச்சுருங்க சார்.”

படிக்கிறேன் என்றேன். பிறகு காஸ் சிலிண்டர் வந்துவிட்டதாக மரகதம் போன் செய்தாள்.

ஜூலை 26, ஆடி இரண்டாம் வெள்ளி

சந்தனம். கழிவு. குமட்டல்.

ஜூலை 27, சனி

அறிக்கை அனுப்பினேன். மூன்று பக்கம். என் உரைநடையின் கம்பீரத்தைச் சொல்லி மாளாது. சாரம் இவ்வளவுதான்: கோளாறுக்குக் காரணம் செலிம், மாற்று ஆள் வேண்டும்.

அவர் மாலையில் வழக்கம்போல எனக்கும் ஒரு குவளை சிவப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மறுக்கக் கூடாதே, விதி. குடித்தேன். எனக்கென்று இரண்டு சர்க்கரைக் கட்டி போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. செலிம் ஞாயிறு சாயங்காலம் கோயமுத்தூரில் விமானம் ஏறுகிறார். செய்தியைக் கோமதி சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்பானர்களை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தாராம். பிரமோத் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை. ஹயாஷி அம்மாள் பன்னிரண்டு நான்குக்குச் சாப்பிட்டார்கள். இத்தனை ஒழுங்கீனத்தை நான் எந்தத் தேசத்திலும் கண்டதில்லை.

ஆகஸ்ட் 2, ஆடி மூன்றாம் வெள்ளி

காலையில் வழக்கம்போல நெற்றிக்குச் சந்தனம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மரகதம் காமிராக் கடைக்காரனைச் சபித்துக்கொண்டிருந்தாள். “பதினேழு நாள் கூட முழுசா ஓடல. மணியடிக்கறது பூனையா மனுசனான்னு தெரியல. எல்லாம் மஞ்சக் குழம்பாட்டத் தெரியுது. ஏமாத்திப்போட்டானுங்க.”

ஸ்டூல் போட்டு ஏறினேன். ஆடி வெள்ளியென்று நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தவள், பக்கத்தில் இருந்த காமிராவுக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். சரியாகக் கண்ணில்.

அட, அட. உலகத்தில் இப்படியும் ஒரு பிறவி உண்டா? அதன் கண்ணையே மூடிவிட்டுக் கடைக்காரனைத் திட்டுகிறாளே. வேட்டி நுனியால் துடைத்தேன். பூனை தெரிந்தது. நான் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்த காரை உதிர்ந்தது. கண்ணில் பொட்டு வைக்கிறவளை நான்கு தெருவில் தேடினாலும்…

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

பொழுது விடியும்போதே ஆலைக்குப் போய்விட்டேன். ஆடிப் பதினெட்டு என்பதால் பாதிப் பேருக்கு விடுமுறை. என் திட்டம் மிகச் சிறப்பானது: யாரும் வருமுன் நெற்றியைச் சுத்தம் செய்வது, எட்டு மணிக்கு எல்லாரையும் கூட்டி, என் நுண்ணறிவால் கோளாறு தீர்ந்ததாகப் பிரகடனம் செய்வது.

ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினேன். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. பிரமோத்.

“தொடக் கூடாதுங்க சார். நோட்டீஸ் இருக்குதுங்க.”

“பொட்டு வெச்சதே நாந்தானப்பா.”

“வெக்கறதுக்குத்தானுங்க உங்களுக்கு உரிமை. எடுக்கறதுக்கு யாருக்கும் இல்லீன்னு நீங்கதான் சொன்னீங்க.” சட்டைப்பையிலிருந்து என் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக் காட்டினான். லேமினேட் செய்து வைத்திருந்தான்.

அவனோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே கோமதி வந்தாள், ஹயாஷி அம்மாள் வந்தார்கள், சாவிக்கொத்தை ஒப்படைக்கப் பெட்டியோடு செலிம் வந்தார். ஸ்டூல் மேல் நான். ஒரு மகாராஜன் சிம்மாசனத்தில் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

“எடுத்தரலாம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

நகத்தால் சுரண்டினேன். அது பொட்டா? நேற்றைய சந்தனத்துக்கு அடியில், வாராவாரம் உதிர்ந்ததுபோக விளிம்பில் தங்கிய நான்கு வாரச் சந்தனம் அடுக்கடுக்காக, இடையிடையே மைதா மாவும் வெண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, மூப்பேறிய கடுவனின் காதழுக்கு மாதிரி ஒரு பொருக்கு. ஒரே பிளவாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அடிப்பக்கம் ஊசிப்போன நெய் நாற்றம். நடுவில் ஒரு ஈ, இறக்கையை விரித்தபடி, பூஜை கண்டு முக்தியடைந்த கோலத்தில். எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக ஊரார் சோற்றை முகர்ந்து முகம் சுளித்த இதே மூக்குதான், இந்த அசிங்கத்துக்கு வாராவாரம் நேர் எதிரே நின்று கும்பிட்டிருக்கிறது.

செலிம் மெல்லிய துணியில் ஸ்பிரிட் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார், கைக்குழந்தையின் கண்ணைத் துடைப்பது போல. ஓட்டினார்கள். நிமிடத்துக்கு அறுநூறு பிஸ்கட். கழிவுத் தட்டு காலி. கால் மணி நேரம். காலி.

யாராவது சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பச்சைப் பதிவேட்டைக் கோமதி பிரித்து வைத்தாள். ஜூலை ஆறிலிருந்து நேற்று வரை இருபத்துநான்கு வேலை நாள். இருபத்துநான்கு முறையும் ஒரே வரி: ‘கண்ணாடியில் படிவு. துடைக்கத் திட்டத் தலைவரின் அனுமதி வேண்டும்.’ ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து, வால் சுழித்து, கம்பீரமாக. ஹயாஷி அம்மாளின் நோட்டில் முதல் நாளே எந்திரத்தின் தலை வரைந்திருந்தது, நெற்றியில் குட்டி வட்டத்தோடு. தாளின் மூலையில் நான் அழகுக்கென்று நினைத்த அதே வட்டம். நான்கு பேரும் நான்கு வகையில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் துடைத்தே காட்டியிருக்கிறான்.

வாய்விட்டு என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று செலிமைக் கேட்டேன். கோமதி மொழிபெயர்த்தாள். அவர் ஊரில் ஒரு பெரியவரின் அடக்கத்தலம் இருக்கிறதாம். வேண்டுதலுக்கு அதன் சன்னல் கம்பியில் துணி கட்டுவார்களாம். சன்னலை அடைத்துக் காற்று வராமல் போனாலும், கட்டியவர் வந்து அவிழ்க்கிறவரைக்கும் வேறு யாரும் அவிழ்க்கமாட்டார்களாம். நீங்கள் வருவீர்கள் என்று காத்திருந்தேன் என்றார்.

காத்திருந்தாராம். பெட்டியும் கையுமாக.

மீதி இருந்தது விமானம். தலைமை அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும். கோமதி கணினியின் முன் உட்கார்ந்து என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். “காரணத்த ஒரே வரியில கேக்கறாங்க சார். தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யப்பட்டதுன்னு போட்டாலும் போதுங்க.”

எவ்வளவு நல்ல பெண். எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்தாள். ஆனால் கோளாறு தொழில்நுட்பம் என்றால் எந்திரம் யாருடையது? மறுபடி அவர் தலையில்தான். ஆணி எண்ண வேண்டியதுதான்.

“நகரு கண்ணு, நானே அடிக்கிறேன்” என்றேன்.

ஒற்றை விரலால் அடித்தேன். ‘எந்திரத்தில் குறை இல்லை. செலிமிடம் குறை இல்லை. கண்ணாடியில் சந்தனம். பூசியவர் திட்டத் தலைவர் வையாபுரி.’ நான்கு வரி ஆகிவிட்டது. என் வாழ்நாளிலேயே அலங்காரம் இல்லாமல் நான் எழுதியது இதுதான். படிக்கப் படிக்க வாந்தி வருகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை பதினொன்று. பதில் இல்லை. செலிமின் விமானம் ஆறு மணிக்கு. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைச் சுட்டேன்.

ஒரு மணி. பதில் இல்லை. மோட்டாரைப் பிரித்தேன். கோக்கத் தெரியவில்லை.

இரண்டே கால். கோமதி போன். செலிம் இருக்கிறார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். அவருடைய கம்பெனிக்கும் என் நான்கு வரியை அப்படியே அனுப்பிவிட்டார்களாம், துருக்கி மொழியில்.

ஆக, இரண்டு கண்டங்களில் நான் முட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எட்டு மணி நேரம். கழிவில் நல்ல பிஸ்கட் ஒன்றுகூட இல்லை. ஹயாஷி அம்மாள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம். முப்பத்துமூன்று வருட சேவையில் முதல் முறை. இழவு வீட்டுக்காரனைப் போல உட்கார்ந்திருந்தேன். பிரமோத் வந்து எட்டிப் படித்துவிட்டு, என் தோளைத் தட்டினான்.

“லேமினேட் போட்டு வெச்சுக்கங்க சார். இல்லீன்னா கசங்கிப்போயிருமுங்க.”

ஆகஸ்ட் 9, ஆடி நான்காம் வெள்ளி

மரகதம் கிண்ணத்தை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் எதையும் சொல்லவில்லை, காமிராவுக்காக அவளை ஒரு வாரம் கேலி செய்தாயிற்றே. வாங்கிக்கொண்டு போனேன். எந்திரத்தின் முன்னால் கிண்ணத்தோடு நின்றேன், எங்கே கொட்டுவது என்று தெரியாமல்.

செலிம் என் முழங்கையைத் தொட்டு, எந்திரத்தின் இடது பக்கத்தைக் காட்டினார். தலைக்கு ஒரு முழம் கீழே, வெறும் இரும்புத் தகட்டில், வெள்ளை பெயின்டில் துல்லியமாக ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. கண்ணாடியிலிருந்து தூரம் நானூற்றைம்பது மில்லிமீட்டர். சந்தனத்தின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. வியாழன் மாலை துடைக்க வேண்டியவர்: பிரமோத் மஹ்தோ. வரைந்தவர் ஹயாஷி, சரிபார்த்தவர் செலிம், ஆவணப் பதிவு கோமதி. நான்கு கையெழுத்துக்கு இடம் விட்டு மூன்று போட்டிருந்தது. ஐந்து வாரத்தில் இந்தக் கும்பல் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட முதல் தாள்.

இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இரண்டு முறை. பிறகு கையெழுத்துப் போட்டேன், வாலில்லாமல். பொட்டு வைத்தேன். இரண்டு மில்லிமீட்டர்தான். ஹயாஷி அம்மாள் அளந்து பார்த்தார்கள்.

எல்லாரும் சிவப்புத் தேநீரோடு உட்கார்ந்தோம். என் குவளையில் இரண்டு கட்டி சர்க்கரை. தட்டில் பிஸ்கட் வந்தது. அந்த வெண்ணெய் நெடி மூக்கில் ஏறியதும் குடல் தொண்டைக்கு வந்துவிட்டது.

நான்கு தின்றேன்.